கோரைக்குள் ஒளியும் பறவைகள்: குருகு, கானாங்கோழி, உள்ளான் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் நடு ஏரியில் நின்று தரிசனம் தரும். அவற்றுக்குக் கேள்வி-பதில் தேவையில்லை. கரையில் போய் நின்றால் போதும். இங்கே பேசப்போவது அதே ஏரியில், அதே கரையிலிருந்து பத்தடி தூரத்தில் இருந்தும் கண்ணில் படாத பறவைகளைப் பற்றி. பெரும்பாலான உதாரணங்கள் சென்னையைச் சுற்றியுள்ள சதுப்புகளும் ஏரிகளும். மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் குளத்தின் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்.

எந்தெந்தப் பறவைகளைச் சொல்கிறீர்கள்?

மூன்று கூட்டம். முதலாவது குருகுகள்: மஞ்சட்குருகு, செங்குருகு, கருங்குருகு. கொக்குக் குடும்பம்தான், ஆனால் கொக்கைப் போல வெளியே நிற்காது. இரண்டாவது கானாங்கோழி வகையறா. வெள்ளை மார்புள்ள கம்புள் கோழி எல்லோருக்கும் தெரிந்தது. அதோடு நீலமார்புச் சம்பங்கோழி, தண்ணீர்க்கோழி, குளிர்காலத்தில் வந்து போகும் சின்னக் கானாங்கோழி. கடைசியாகச் சொன்னது 17 முதல் 19 சென்டிமீட்டர்தான், மைனாவைவிடச் சிறியது. மூன்றாவது உள்ளான்கள்: கோரையுள்ளான், ஊசிவால் உள்ளான், பெயரில் மட்டும் உள்ளானாக இருக்கும் மயிலுள்ளான்.

இவை அரிய பறவைகளா?

பெரும்பாலும் இல்லை. "அரிது" என்று நாம் எழுதுவதில் பாதி "நான் பார்க்கவில்லை" என்பதுதான். மஞ்சட்குருகு சம்பு (கோரை போல உயரமாக வளரும் நீர்ச்செடி) வளர்ந்த ஏரிகளில் பரவலாகவே இருக்கிறது. உள்ளான்கள் பனிக்காலத்தில் ஈர வயல்களில் எத்தனையோ இருக்கும். வரப்பில் நடக்கும் விவசாயியின் காலடியிலிருந்து விருட்டென்று எழும்போதுதான் அது அங்கே இருந்ததே தெரியும். சின்னக் கானாங்கோழியும் நாம் நினைப்பதைவிட அதிகமாகவே வந்து போகிறது என்பது என் ஊகம்.

பிறகு ஏன் கண்ணில் படுவதே இல்லை?

உடம்பே அதற்காக அமைந்தது. கானாங்கோழியை முன்னாலிருந்து பார்த்தால் பக்கவாட்டில் தட்டையாக, ஒல்லியாக இருக்கும். நெருக்கமான கோரைத் தண்டுகளுக்கு நடுவே ஒரு தண்டும் அசையாமல் நுழைந்து போய்விடும். ஆபத்து என்றால் அதற்கு முதலில் தோன்றுவது ஓட்டம். பறப்பது வேறு வழியே இல்லாதபோதுதான்.

குருகின் உத்தி வேறு. அலகை வானத்தைப் பார்த்து நிமிர்த்திக் கழுத்தை நீட்டி அப்படியே உறைந்துவிடும். கழுத்திலுள்ள நெடுங்கோடுகள் காய்ந்த தண்டுகளோடு கலந்துவிடும். காற்றடித்தால் கோரையோடு சேர்ந்து தானும் ஆடும். தலையை நிமிர்த்தியிருந்தாலும் கண்கள் அலகுக்குக் கீழ்வழியாக உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்.

உள்ளானுக்குக் கண்கள் தலையில் மேலாகவும் பின்னாலும் தள்ளி இருப்பதால் ஏறக்குறைய நாலாபுறமும் ஒரே நேரத்தில் தெரியும். அதன் பின்னால் போய்ப் பதுங்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

எங்கே போகலாம்? வேடந்தாங்கல் போதுமா?

இந்தப் பறவைகளுக்கு வேடந்தாங்கல் என் முதல் தேர்வு அல்ல. அங்கே மரத்தில் கூட்டமாகக் கூடு வைக்கும் நாரைகளையும் கொக்குகளையும் கரைமேலிருந்து பார்க்கலாம், அதற்கு ஈடில்லை. ஆனால் கோரைப் பறவைக்குக் கோரை வேண்டும், அதன் அடியில் ஆழமில்லாத தண்ணீர் வேண்டும், இரண்டும் சேரும் இடத்தில் கொஞ்சம் சேறு வேண்டும்.

சென்னையில் அது பள்ளிக்கரணை. 2022-இல் ராம்சார் தளமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பில் உள்ள பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். ஒரு பக்கம் பெருங்குடி குப்பைக் கிடங்கு, குறுக்கே துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலை, சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்கள், நடுவில் சம்பு. அடுத்துள்ள பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் பக்கத்து நீர்நிலைகளும் நல்லவை. கோயம்புத்தூர்க்காரர்களுக்குச் சிங்காநல்லூர், கிருஷ்ணாம்பதி குளங்கள். தெற்கே சுசீந்திரம்–தேரூர் குளங்களும் கூந்தன்குளமும் இருக்கின்றன.

பெயர் பெற்ற இடம்தான் வேண்டும் என்றில்லை. உங்கள் ஊர் ஏரியின் மதகடியில் தண்ணீர் கசிந்து கோரை மண்டிய ஒரு துண்டு நிலம் இருந்தால் முதலில் அங்கே போங்கள். வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் இருக்கும் சாதாரண இடத்துக்கு அடிக்கடி போவதுதான், ஆண்டுக்கு ஒருமுறை போகும் சரணாலயத்தைவிட இந்தப் பறவைகளைக் காட்டும்.

எந்த மாதம், எந்த நேரம்?

வலசை வருபவை செப்டம்பர் வாக்கில் வரத் தொடங்கி ஏப்ரல் வரை இருக்கும். ஆனால் வடகிழக்குப் பருவமழை கொட்டி ஏரி நிரம்பிக் கிடக்கும் நவம்பர், டிசம்பரில் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். தண்ணீர் கோரையின் இடுப்புவரை நிற்கும். பறவை உள்ளேயே மேய்ந்துகொள்ளும், வெளியே வரத் தேவையே இல்லை. தை பிறந்து தண்ணீர் இறங்கத் தொடங்கியதும் கோரைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு முழம் அகலத்துக்குச் சேறு தெரியும். புழுவும் பூச்சியும் நத்தையும் அந்தச் சேற்றில்தான். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை அந்த விளிம்பைக் கவனியுங்கள்.

நேரம் என்றால், விடிவதற்கு அரை மணி முன்பே இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். விடிந்தபின் வந்து உட்கார்ந்தால், நீங்கள் வந்ததைப் பார்த்து உள்ளே போன பறவைக்காகக் காத்திருப்பீர்கள். மாலையில் ஐந்து மணிக்குமேல். மூட்டமான நாள் என்றால் பகலிலும் நடமாட்டம் இருக்கும். இரவெல்லாம் மழை பெய்து காலையில் வெயில் அடித்தால் அன்றைக்கு அலுவலகத்துக்கு விடுப்பு எடுக்கலாம். நனைந்த கம்புள் கோழியும் குருகும் சிறகு உலர்த்த வெளியே வரும்.

போன பிறகு என்ன செய்ய வேண்டும்? நடந்துகொண்டே தேடுகிறேன், ஒன்றும் கிடைப்பதில்லை.

நடப்பதை நிறுத்துங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

முதலில் பறவையை மறந்துவிட்டு இடத்தைப் பாருங்கள். கோரைக் கூட்டம் இரண்டாகப் பிரிந்து நடுவே சிறு வெளி இருக்கிறதா? எருமை இறங்கி ஏறிய தடம் கோரைக்குள் சந்துபோலப் போகிறதா? மதகிலிருந்து வரும் வாய்க்கால் கோரையை எங்கே வெட்டுகிறது? ஒரு புதரிலிருந்து இன்னொரு புதருக்குப் போகக் கானாங்கோழி அந்த வெளியைக் கடந்தே ஆக வேண்டும். அதற்கு எதிரே, சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி ஓர் இடத்தைப் பிடியுங்கள்.

கரையின் உச்சியில் நிற்காதீர்கள். கீழேயிருந்து பார்க்கும் பறவைக்கு வெளிர் வானத்துக்கு எதிரே உங்கள் உருவம் கோபுரம் மாதிரி தெரியும். சரிவில் இறங்கி, பின்னால் ஒரு கருவேலம் புதரோ மண்மேடோ இருக்கும்படி உட்காருங்கள். மங்கலான பச்சை, பழுப்புச் சட்டை போதும். ராணுவ உடையெல்லாம் வேண்டாம். வெள்ளைத் தொப்பி மட்டும் ஆகவே ஆகாது. கார் போகும் இடமென்றால் காரே நல்ல மறைவு: எஞ்சினை அணைத்துக் கண்ணாடியை இறக்கி உள்ளேயே இருங்கள். சாலையோரப் பறவைகள் வண்டிக்குப் பழகியவை, கதவைத் திறந்து இறங்கும் மனிதனுக்குப் பழகாதவை.

பிறகு உட்கார்ந்தே இருங்கள். முதல் அரை மணி நேரம் ஒன்றுமே நடக்காது. தாழைக்கோழியும் மடையானும் (குளத்துக் கொக்கு) முதலில் பயம் தெளிந்து வரும். அவை உங்களைக் கண்டுகொள்ளாமல் மேயத் தொடங்குவதுதான் நல்ல அடையாளம். மற்றவையும் அதைப் பார்த்துத்தான் தைரியம் கொள்கின்றன என்று எனக்குத் தோன்றும். போனை அணைத்துவிடுங்கள். அதிரும் நிலையில் வைப்பது போதாது, ஏனென்றால் நீங்கள் அதை எடுத்துப் பார்ப்பீர்கள்.

இன்னொன்று. வலை வீசுபவர்களிடமும் மாடு மேய்ப்பவர்களிடமும் கேளுங்கள். "அண்ணே, கானாங்கோழி எந்தப் பக்கம் இறங்குது?" என்று கேட்டால், "காலைல மதகாண்ட சுத்தும், வெயில் ஏறினா உள்ள பூந்துடும்" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். எந்தச் செயலியிலும் அந்தத் துல்லியம் இல்லை.

மூன்று குருகுகளையும் பறக்கும்போது எப்படிப் பிரிப்பது?

உட்கார்ந்திருப்பதைவிடப் பறக்கும்போது சுலபம். மஞ்சட்குருகு எழுந்தால் வெளிர்மஞ்சள் உடலும், சிறகின் பின்பாதியில் பளிச்சென்ற கருப்பும் தெரியும். செங்குருகில் அந்த இரட்டை நிறமே கிடையாது. சிறகு முழுக்க ஒரே செங்கல் நிறம். கருங்குருகு பெரியது, முழுக்கக் கருமை. அருகில் என்றால் கழுத்தின் பக்கவாட்டில் மஞ்சள் பட்டை.

ஏமாற்றுவது மடையான். உட்கார்ந்திருக்கையில் கோடுபோட்ட பழுப்புக் கழுத்தோடு குருகு மாதிரியே இருக்கும், எழுந்ததும் வெள்ளைச் சிறகை விரித்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இளம் வக்காவும் (இராக்கொக்கு) உட்கார்ந்திருக்கையில் குருகு மாதிரிதான். ஆனால் அது தடித்த உடல், முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். கருங்குருகு என்று அனுப்பப்படும் படங்களில் சில வெறும் எதிர்வெளிச்சத்தில் நின்ற மடையான்.

உள்ளான்களில் கோரையுள்ளானா ஊசிவாலா?

தரையில் இருக்கும்போது அனுபவசாலிகளே தயங்குவார்கள். எழும்போது சிறகின் பின்விளிம்பைப் பாருங்கள்: தெளிவான வெள்ளைக்கோடு இருந்தால் கோரையுள்ளான், இல்லையென்றால் பெரும்பாலும் ஊசிவால். ஊசிவாலின் ஓரவால் இறகுகள் ஊசிபோல மெலிந்தவை. வாலை விரித்துக் கோதும்போது ஒரு படம் கிடைத்தால் சந்தேகம் தீர்ந்தது. கிடைக்கவில்லையென்றால் "உள்ளான், இனம் தெரியவில்லை" என்று எழுதுவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

மயிலுள்ளானில் அழகாக இருப்பது ஆண்தானே?

இல்லை, பெண். செம்பழுப்புக் கழுத்தும் கண்ணைச் சுற்றி வெள்ளைப் பட்டையும் பெண்ணுக்கு; மங்கலாக, புள்ளிகளோடு இருப்பது ஆண். முட்டையிட்டதும் பெண் அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். அடைகாப்பது, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு அலைவது எல்லாம் ஆணின் பொறுப்பு. அதனால் மங்கலான பறவையின் பின்னால் குஞ்சுகள் வந்தால் "தாயும் சேய்களும்" என்று தலைப்புப் போட்டுவிடாதீர்கள்.

அந்தி மங்கும் வேளையில் நெல்வயல் ஓரங்களிலும் சேற்று மூலைகளிலும் பாருங்கள். பின்பாகத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே நடக்கும். மிரண்டால் அப்படியே அசையாமல் நிற்கும். மேலும் நெருங்கினால் சிறகை விரித்துப் புள்ளிக்கோலத்தைக் காட்டி மிரட்டும். அந்தக் கோலம் படத்தில் பிரமாதமாக வரும்தான். ஆனால் அது பறவை கடைசிக்கட்டப் பயத்தில் செய்வது. அதை வரவழைப்பதற்காக நெருங்குவது எனக்கு உடன்பாடில்லை.

குரலை ஒலிக்கவிட்டு வெளியே வரவைக்கலாமா?

வேண்டாம். கானாங்கோழி வகையறா குரலுக்கு உடனே பதில் தரும் என்பது உண்மை. அதனால்தான் ஆசை வருகிறது. தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டதாக நினைத்து, மேய்ச்சலையும் குஞ்சையும் விட்டுவிட்டு அது வெளியே ஓடி வருகிறது. நீங்கள் போன பிறகு அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று ஆளாளுக்கு அதே ஒலியைப் போடும் நகர ஏரிகளில் இது தாங்காது. கல்லெறிவது, கோரையைத் தட்டுவது, நாலுபேர் வரிசையாக நடந்து விரட்டுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா?

எந்த லென்ஸ் வேண்டும்?

400 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சிரமம். நிகான் 200–500, சிக்மா அல்லது டாம்ரான் 150–600, கேனான் 100–400 போன்றவற்றில் எது கைக்கு எட்டுகிறதோ அது. கிராப் சென்சார் (அளவில் சிறிய சென்சார்) கேமராவே இந்த வேலைக்குப் போதும். பழையது நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம்.

ட்ரைபாடைவிட, அரைகுறையாக அரிசியோ பயறோ நிரப்பிய ஒரு துணிப்பை உபயோகமானது. கார்க் கண்ணாடி விளிம்பிலும் தரையிலும் அதன்மேல் லென்ஸை வைக்கலாம். தரையோடு தரையாக வைத்தால் பறவையின் கண்மட்டத்துக்கு வந்துவிடுவீர்கள். படத்தின் தரத்தில் பாதி அந்த உயரத்தில் இருக்கிறது.

ஏசி காரிலிருந்து எடுத்ததும் லென்ஸ் பனிமூட்டம் போட்டுக்கொள்ளும். பையை மூடியபடியே கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிட்டு எடுங்கள்.

பறவைமேல் வைத்தாலும் ஃபோகஸ் கோரைமேல் போய் விழுகிறதே?

இது எல்லோருக்கும் உள்ள தலைவலி. பல புள்ளி, அகல வட்டம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மிகச்சிறிய ஒற்றைப் புள்ளிக்கு வாருங்கள். கண்ணைத் தேடும் வசதியுள்ள மிரர்லெஸ் கேமரா பறவை வெளியே இருக்கும்போது அற்புதம் செய்யும். கண்ணுக்கு முன்னால் இரண்டு தண்டு வந்தால் தடுமாறும். அப்போது வளையத்தைக் கையால் திருப்பிச் சரிசெய்யப் பழகியிருக்க வேண்டும். ஷட்டர் பொத்தானிலிருந்து ஃபோகஸைப் பிரித்துப் பின்பக்கப் பொத்தானுக்கு மாற்றிவிட்டால், ஒருமுறை பிடித்ததைத் தண்டு அசைந்தாலும் விடாது.

பறவை எந்த வெளியில் வரும் என்று தெரிந்தால் அங்கே உள்ள சேற்றுக்கு முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துவிடுங்கள். சின்னக் கானாங்கோழி வெளியே நிற்பது சில நொடிகள். லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தேட அது நேரம் தராது.

கேமரா அமைப்புகள்?

உறைந்து நிற்கும் குருகுக்கு ஷட்டர் வேகம் நொடியில் 250-இல் ஒரு பங்கு தாராளம். பையின்மேல் லென்ஸ் அசையாமல் இருந்தால் 80-க்குக்கூட இறங்கலாம். நடக்கும் கானாங்கோழி வாலை வெட்டி வெட்டி ஆட்டும், தலையும் சும்மா இருக்காது. அதற்கு 640-க்குக் குறையாமல். பறப்பதற்கு 2000. லென்ஸின் துவாரத்தை முழுக்கத் திறந்துவிட்டு ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன்) தானியங்கியில் விடுங்கள், 6400 வரை தயங்க வேண்டாம். ஐஎஸ்ஓ கூடியதால் புள்ளிபுள்ளியாக வரும் படத்தைப் பிறகு சரிசெய்யலாம். அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது. ரா கோப்பாக (கேமரா சுருக்காத மூலக் கோப்பு) எடுங்கள்.

வெளிர் கோரைக்கு நடுவே கருங்குருகு நின்றால் கேமரா கோரையைப் பார்த்து ஒளியைக் குறைத்துவிடும், பறவை கரிக்கட்டையாகும். ஒளியளவை முக்கால் ஸ்டாப் கூட்டுங்கள்.

காலை ஒன்பதரை மணிக்குமேல் எடுப்பதெல்லாம் தெளிவில்லாமல் வருகிறது. லென்ஸ் பழுதா?

லென்ஸை ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோவதற்குமுன், அதே லென்ஸில் காலை ஏழு மணிக்கு எடுத்ததைப் பாருங்கள். அது தெளிவாக இருந்தால் குற்றவாளி கானல். தண்ணீருக்கும் சூடேறிய கரைக்கும் மேலே காற்று அலைபாயும். தூரம் கூடக்கூட மோசம். விலை உயர்ந்த லென்ஸாலும் அதை வெல்ல முடியாது. டீ குடிக்கப் போகலாம்.

கோரை மறைக்காத சுத்தமான படம் எப்படி எடுப்பது?

எதற்கு? கோரைத் தண்டுகளுக்கு நடுவே ஒரு கண்ணும் அலகும் மட்டும் தெரியும் மஞ்சட்குருகு, வெட்டவெளியில் நிற்கும் அதே பறவையைவிட உண்மையான படம் என்பேன். அது வாழும் விதமே அதுதான். கண் மட்டும் கூர்மையாக இருக்கட்டும், முன்னால் உள்ள தண்டுகள் மங்கிப் போகட்டும். இரண்டு கோரைத் தண்டுகளை இரண்டு காலாலும் பற்றிக்கொண்டு, தண்ணீர்மேல் குனிந்து மீனுக்காகக் காத்திருக்கும் நிலை கிடைத்தால் சட்டகத்தில் அந்தத் தண்டுகளையும் சேருங்கள். படத்துக்காகக் கோரையை வெட்டுவதும் ஒதுக்கிக் கட்டுவதும் கூடவே கூடாது. மறைவு போனால் பறவையும் போய்விடும்.

கூட்டைப் படம் எடுக்கலாமா?

கூடாது. நீங்கள் நின்ற இடத்தைக் காகமும் கவனிக்கிறது, நாயும் மோப்பம் பிடிக்கிறது. வெயிலில் முட்டை திறந்து கிடந்தால் சீக்கிரம் கெட்டுவிடும். சட்டமும் அதைத்தான் சொல்கிறது: 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், வேட்டை என்பதற்குள் கூட்டையும் முட்டையையும் சேதப்படுத்துவதும் தொந்தரவு செய்வதும் அடங்கும். தற்செயலாகக் கூட்டருகே போய்விட்டால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

அனுமதி ஏதாவது வாங்க வேண்டுமா?

சரணாலயம் என்றால் வனத்துறையின் விதிமுறைப்படிதான். கேமராவுக்குத் தனிக் கட்டணம் இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பொதுச் சாலையிலிருந்து எடுப்பதில் பொதுவாகச் சிக்கல் இல்லை. ஆனால் தாம்பரம், சூலூர் போன்ற விமானப்படைத் தளங்களை ஒட்டிய ஏரிகளில் நீண்ட லென்ஸைத் தூக்குமுன் யோசியுங்கள். வயலுக்குள் இறங்குவதென்றால் வயல்காரரிடம் ஒரு வார்த்தை.

எடுத்த இடத்தைப் போட்டால் என்ன?

கம்புள் கோழிக்கும் உள்ளானுக்கும் இன்னும் கண்ணியும் வலையும் வைக்கிறார்கள். சரியான மூலையைச் சொல்லிப் படம் போட்டால் அதைப் பார்ப்பது பறவை ஆர்வலர்கள் மட்டுமல்ல. ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம், அல்லது பறவை இடம் மாறிய பிறகு போடலாம். கண்ணி கண்டால் படம் எடுத்து வனத்துறைக்குத் தெரிவியுங்கள். தனியாகப் போய் வாக்குவாதம் செய்ய வேண்டாம்.

பாம்பு, சேறு பற்றிப் பயமாக இருக்கிறது.

பயம் நல்லதுதான். தண்ணீர்ப் பாம்புக்கு விஷமில்லை. வரப்பிலும் கரைப் புல்லிலும் கண்ணாடி விரியன் இருக்கும், அது விளையாட்டில்லை. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், விடியுமுன் நடக்க டார்ச், உட்காருமுன் குச்சியால் தட்டிப் பார்ப்பது, இவ்வளவு போதும். பச்சையாகப் படர்ந்த ஆகாயத்தாமரையைத் தரை என்று நம்பிக் கால் வைக்காதீர்கள். காலில் புண்ணோடு ஏரித் தண்ணீரில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். அதன்பின் சில நாட்களில் காய்ச்சல் வந்தால் தண்ணீரில் இறங்கியதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

என்னிடம் கேமராவே இல்லை, மொபைல்தான்.

மொபைலால் இந்தப் பறவைகளைப் படமெடுக்க முடியாது, ஆனால் குரலைப் பதிவு செய்யலாம். பல நேரம் அதுதான் ஒரே சாட்சி. கையிலுள்ள காசுக்கு முதலில் 8×42 பைனாகுலர் வாங்குங்கள், லென்ஸ் அப்புறம். கேமராவோடு போகிறவர் படம் கிடைத்த பறவையை மட்டும் நினைவில் வைத்திருப்பார். பைனாகுலரோடு போகிறவர் அது என்ன தின்றது, எந்தப் பக்கம் போனது, எதைக் கண்டு ஒளிந்தது என்பதையும் பார்த்திருப்பார்.

பார்த்ததை எங்கே பதிவது?

பறவைப் பட்டியல்களைச் சேர்த்து வைக்கும் ஈ-பேர்ட் இணையதளத்தில். மங்கலான படமாக இருந்தாலும் சேருங்கள். அழகுக்காக அல்ல, இனத்தை உறுதிசெய்வதற்காக. "கோரைக்குள் குரல் மட்டும் கேட்டேன்" என்பதும் செல்லுபடியாகும் பதிவுதான். 2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாம். நெல்லைப் பக்கத்தவர்களுக்கு 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு இருக்கிறது. சென்னையில் இருப்பவர்களுக்கு 1978-இல் தொடங்கிய இயற்கை ஆர்வலர் சங்கமான மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி. குளத்துக்குப் போய் ஒன்றும் பார்க்காமல் திரும்பிய நாளின் பட்டியலையும் போடுங்கள். எந்த மாதத்தில் எந்தப் பறவை அங்கே இல்லை என்பது, பல வருடம் சேர்ந்தபின், உங்கள் குளத்தில் தண்ணீர் எப்போது இறங்கியது, கோரை எப்போது அழிந்தது என்று கேட்க வருபவருக்குத் தேவைப்படும்.